கிடார் பாடிக்கு க்ளியர் கோட் அடிக்கிறப்போ இதெல்லாம் பண்ணிராதீங்க

போன வாரம் எங்க தெருத் தம்பி ஒருத்தன் போட்டோ அனுப்பிட்டு "அண்ணா, இது ஏண்ணா இப்பிடி ஆயிடுச்சு?"ன்னு கேட்டான். பாத்ததும் வயித்தக் கலக்கிருச்சு. அருமையா செவப்பு அடிச்சு மேல க்ளியர் கோட் (கலருக்கு மேல போடற நெறமில்லாத பூச்சு) போட்ட ஸ்ட்ராட் பாடி, அதாவது ரெண்டு கொம்பு வெச்ச எலக்ட்ரிக் கிடாரோட மர ஒடம்பு, மேல் கொம்புல ஆரம்பிச்சு கம்பி மாட்டுற பிரிட்ஜ் வர்ற எடம் வரைக்கும் தோல் சுருங்கி, தணல்ல சுட்ட கத்தரிக்கா மாதிரி மடிப்பு மடிப்பா நிக்குது. போட்டோவைப் பெருசு பண்ணிப் பாக்காமலே எனக்கு விஷயம் புரிஞ்சிருச்சு, ஏன்னா 2013ல என் மொதல் பாடிக்கும் அச்சு அசலா இதேதான் நடந்துச்சு. இத்தனை வருஷம் ஆச்சு, இன்னமும் புதுசா ஆரம்பிக்கிற பசங்க அதே குழியிலதான் போய் விழறாங்க.

டப்பாவைக் குலுக்கு, தூசியைத் தொடை, ஒரே எடத்துல நின்னு அடிக்காதே, இதெல்லாம் டப்பா மேலயே போட்டிருக்கு, அதுக்குள்ள நான் போகல. தெரியாமப் பண்ணிட்டுப் பின்னாடி அழுவோமே, அதை மட்டும் சொல்றேன்.

எனாமல் மேல லாக்கர் அடிக்கிறது

இதுதான் அந்தக் கத்தரிக்கா தோலுக்குக் காரணம். எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் வர்ற விஷயமும் இதுதான், ஏன்னா கடையில யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், ஆனா யாரும் சொல்றதில்ல.

நடக்கிறது இதுதான். ஹார்ட்வேர் கடைக்குப் போய் "நல்ல பளபளன்னு செவப்பு பெயிண்ட் குடுங்க"ன்னு கேக்குறோம், அவர் கதவு, கேட்டுக்கு அடிக்கிற சிந்தெடிக் எனாமலை எடுத்துக் குடுப்பார். அடிச்சா நல்லாத்தான் இருக்கும். ரெண்டு நாள்ல தொட்டுப் பாத்தா கையில ஒட்டாது, சரி காஞ்சிருச்சுன்னு நெனைச்சுட்டு வேற கடையில, மரத்துக்கு அடிக்கிற என்.சி க்ளியர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வாங்கி மேல அடிப்போம். மொத கோட்டு சூப்பரா உக்காரும். ரெண்டாவது கோட்டும் தாங்கும். மூணாவது கோட்டு கொஞ்சம் ஈரமா விழுந்துச்சா, கண்ணு முன்னாடியே பெயிண்ட் புழு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நான் அன்னிக்குக் கையில ஸ்ப்ரே கன்னைப் பிடிச்சுக்கிட்டே நின்னு பாத்துட்டிருந்தேன், கொம்போட உள்வளைவுல ஒரு சின்ன சுருக்கம், அரை நிமிஷத்துல அது விரல் நீளம், அப்புறம் உள்ளங்கை அகலம். ஒண்ணும் பண்ண முடியாது, தொடைச்சா இன்னும் மோசமாகும்.

காரணம் ரெண்டும் காயிற விதம் வேற வேற. லாக்கர்ல தின்னர் ஆவியாப் போயிரும், மிச்சம் இருக்கிறது அப்படியே இறுகிரும், திரும்பத் தின்னர் பட்டா திரும்பக் கரையும், அதனாலதான் லாக்கர்ல ஒரு கோட்டோட அடுத்த கோட்டு ஒண்ணாக் கலந்து ஒரே படலம் ஆகுது. எனாமல் அப்படி இல்ல, காத்துல இருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு மெதுவா உள்ளுக்குள்ள பின்னிக்கிட்டு இறுகும், அது முழுசா முடிய வாரக்கணக்குல ஆகும். பாதி இறுகின அந்தத் தோல்ல என்.சி தின்னர் எறங்குனா அது கரையாது, ஊறி உப்பும். உப்புனா போறதுக்கு எடம் இல்ல, அதான் மடியுது. பழைய கதவுல பெயிண்ட் உரிக்கிறதுக்குத் தடவுற ரிமூவர் பண்ற வேலையைத்தான் நாம காசு குடுத்து வாங்கின க்ளியர் பண்ணுது.

"ஆறு மாசம் காய விட்டா தாங்கும்", "பனி மாதிரி லேசா ஊதினா ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவங்க உண்டு. சில சமயம் தப்பிக்கும், மறுக்கல. ஆனா வாரக்கணக்கா உக்காந்து இழைச்ச பாடியை வெச்சுக்கிட்டு சில சமயத்தை நம்ப நான் தயாரா இல்ல. இதையே தலைகீழா, நல்லாக் காஞ்ச லாக்கர் மேல எனாமல் அடிச்சா பெரும்பாலும் பிரச்சனை வராது. எனாமல் மேல லாக்கர்தான் கூடாது. ஏற்கெனவே எனாமல் அடிச்சுட்டீங்களா, நல்லாக் காய விட்டு அதே எண்ணெய் வகை வார்னிஷ் அடிங்க, கொஞ்சம் மஞ்சள் தட்டும், ஆனா சுருங்காது.

என்ன பெயிண்ட்னு தெரியாத பாடிக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. நெக் பாக்கெட் (கிடாரோட கழுத்து வந்து உக்கார்ற குழி) உள்ளயோ பின்பக்கம் வயர் போற குழியிலயோ, வெளிய தெரியாத எடத்துல, பஞ்சுல என்.சி தின்னர் நனைச்சு அரை நிமிஷம் வெச்சு எடுங்க. கலர் கரைஞ்சு பஞ்சுல ஒட்டுனா லாக்கர். சுருங்கி, தோலாக் கெளம்பி வந்தா எனாமல். ஒண்ணுமே ஆகலன்னா பெரும்பாலும் 2கே, அதாவது ஹார்டனர்னு தனியா வர்ற இறுக வெக்கிற ரசாயனத்தைக் கலந்து அடிக்கிற பெயிண்ட். கால் ரூபாய் பஞ்சு. 2013ல எனக்கு இது தெரிஞ்சிருந்தா அந்த மகோகனி பாடியை ஹீட் கன் வெச்சு, பிளேடு வெச்சு, பதினோரு நாள் சாயங்காலம் உக்காந்து சொரண்டியிருக்க மாட்டேன். சொரண்டினதுல வளைவு எல்லாம் மாறிப் போச்சு, அந்தக் கொம்பு இன்னிக்கும் ஒரு பக்கம் மொட்டையாத்தான் இருக்கு.

இன்னொண்ணு, உங்க ஊர்ல கார் டிங்கரிங் பெயிண்டிங் பண்ற அண்ணன் யாராச்சும் இருந்தா அவர்கிட்ட போய் அரை மணி நேரம் நில்லுங்க. எந்தப் பெயிண்ட் மேல எது போகும்னு அவருக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். கிடார் பெயிண்டுக்கும் கார் பெயிண்டுக்கும் உறவு புதுசு இல்ல, 1960 வாக்குல அமெரிக்காவோட ஃபெண்டர் கம்பெனி கிடாருக்கு அடிச்ச கஸ்டம் கலர் பெரும்பாலும் டூபான்ட் கம்பெனியோட கார் பெயிண்டுதான், ட்யூகோ, லூசைட்னு ரெண்டு வகை. நம்ம ஆசாரிங்க அலமாரிக்கு "ட்யூகோ அடிச்சுத் தர்றேன்"னு சொல்றாங்களே, அந்தப் பேரு இதுலேர்ந்து வந்ததுதான்.

வேலை ஆரம்பிக்கும்போதே அதே மரத்துல ஒரு துண்டுப் பலகை எடுத்துக்கோங்க. பாடிக்கு என்னென்ன பண்றீங்களோ சீலர், கலர், க்ளியர் எல்லாத்தையும் ரெண்டு நாள் முன்னாடி அந்தத் துண்டுல பண்ணிருங்க. கெட்டா அது கெடட்டும்.

மழைக்காலத்துல லாக்கர்

சென்னையில அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் நான் லாக்கர் டப்பாவைத் தொடறதே இல்ல. தின்னர் வேகமா ஆவியாகுறப்போ அடிச்ச எடம் சில்லுன்னு ஆகும், காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு பால் ஊத்தின மாதிரி வெள்ளை பூத்துரும். கறுப்பு பாடின்னா சொல்லவே வேணாம். பூத்துருச்சுன்னா பயப்படாதீங்க, நல்ல வெயில் நாளா பாத்து ரிடார்டர் (காயிறதை மெதுவாக்குற திரவம்) கலந்த தின்னரை லேசா ஊதுங்க, பெரும்பாலும் தெளிஞ்சிரும். அதுக்கும் மேல கோட்டு போட்டு மூடினா அது உள்ளயே இருந்துரும்.

காஞ்சதுக்கும் இறுகினதுக்கும் வித்தியாசம் தெரியாம தேய்க்கிறது

மேல ஒட்டலன்னா காஞ்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. நான் ஒரு தடவை க்ளியர் முடிச்சு நாலாவது நாள் பாடியைத் துண்டு விரிச்சு அது மேல வெச்சேன், காலையில எடுத்துப் பாத்தா முதுகுல துண்டோட நெசவு இழை இழையாப் பதிஞ்சிருக்கு. மேல் தோல் மட்டும்தான் காஞ்சிருந்துச்சு, அடியில தின்னர் அப்படியே இருக்கு. அந்த நெலமையில தேய்ச்சுப் பாலிஷ் போட்டா அன்னிக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், நாலு வாரம் கழிச்சுப் பாத்தா படலம் சுருங்கி மரத்தோட ரேகை எல்லாம் மேல தெரியும், பளபளப்பு மங்கிரும். என்.சி லாக்கருக்கு கொறஞ்சது மூணு, நாலு வாரம் தொங்க விடுங்க. மூக்கைக் கிட்ட வெச்சு மோந்து பாருங்க, தின்னர் வாசனை வருதா, இன்னும் நாள் ஆகலன்னு அர்த்தம். 2கேக்கு இந்தக் கணக்கு இல்ல, அது ரசாயனமா இறுகுறது, டப்பாவுல போட்டிருக்கிற நேரம் போதும்.

ஓரத்துல தேய்க்கிறது

தட்டையான எடத்துல பேப்பர் மெதுவா எறங்கும், ஓரத்துல ஒரே இழுப்புல மரம் தெரிஞ்சிரும். மொத பேப்பர் 1000 நம்பர் (தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போடறப்போ ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க, கடைசியில டேப்பை எடுத்துட்டு ஓரத்தை 2000 வெச்சு கையால மட்டும் நாலு தடவை. தட்டையான எடத்துல ரப்பர் கட்டை வெச்சுத்தான் தேய்க்கணும், வெறும் விரலால தேய்ச்சா விரல் தடம் பள்ளமா விழும். தேய்க்கிற தண்ணியையே பாத்துட்டு இருங்க. வெள்ளையா வந்தா க்ளியர். லேசா கலர் தட்டுச்சா, அந்த நிமிஷமே கையை எடுத்துரணும்.

நடுநடுவுல தொடைச்சுட்டு லைட்டுல சாச்சுப் பாருங்க. மினுங்குற புள்ளி எல்லாம் பள்ளம், பேப்பர் இன்னும் அங்க தொடல. மொத்தமும் ஒரே மாதிரி மங்கலா ஆன அப்புறம்தான் 1500, 2000, அதுக்கப்புறம் ரப்பிங் காம்பவுண்ட்.

ஸ்க்ரூ ஓட்டையில தண்ணி

வாட்டர் பேப்பர் போடறப்போ தண்ணி ஸ்க்ரூ ஓட்டைக்குள்ள போச்சுன்னா வெறும் மரம் ஊறி உப்பும், ஓட்டையைச் சுத்தி வட்டமா க்ளியர் வெடிக்கும். பல்குச்சியை உடைச்சு ஓட்டையில அடைச்சுட்டுத் தேய்ங்க. பக்கெட்டுல முக்கி எடுக்காதீங்க, ஸ்ப்ரே பாட்டில் தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திர சோப்பு போட்டு ஊதினா போதும்.

நெக் பாக்கெட்

டேப் போட்டு மூடுங்க. உள்ள பெயிண்ட் தடிச்சா நெக் எறங்காது, அமுக்கினா ஓரம் வெடிக்கும்.

எண்ணெய்க் கை

தலையில தேங்கா எண்ணெய் தடவின கையால பாடியைத் தொட்டா அந்த எடத்துல க்ளியர் ஒட்டாம குழி குழியா விலகி நிக்கும். சிலிக்கான் இருக்கிற கார், பைக் பாலிஷும் இதையேதான் பண்ணும், அதை அடிக்கிற ரூம் பக்கமே கொண்டு வராதீங்க.

2கே க்ளியரைச் சாதா மாஸ்க் போட்டுக்கிட்டு அடிக்கிறது

இதுல மட்டும் நான் யார்கிட்டயும் சமாதானமாப் பேச மாட்டேன். வியர்வை, பெல்ட் பக்கிள் எல்லாத்தையும் தாங்குறது 2கேதான், நானும் அதைத்தான் விரும்புறேன். ஆனா அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, அது நுரையீரலுக்குள்ள போனா ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை ஒடம்புக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா அப்புறம் கொஞ்சம் பட்டாலும் மூச்சு தெணறும். துணி மாஸ்க், மருந்துக்கடை மாஸ்க் எதுவும் இதைத் தடுக்காது. பாத்ரூம்ல, பால்கனியில வெச்சு அடிக்கிற பசங்களப் பாத்தா எனக்குப் பதறுது. கலர் வரைக்கும் நீங்க அடிங்க, 2கே க்ளியரை மட்டும் ஸ்ப்ரே பூத்தும் (பெயிண்ட் அடிக்கிற தனி ரூம்) வெளிக்காத்து வர்ற மாஸ்க்கும் வெச்சிருக்கிற கார் பெயிண்டர்கிட்ட குடுத்துருங்க.

லாக்கரோ 2கேயோ எதுவா இருந்தாலும் சரி, பக்கத்துல கேஸ் அடுப்பு, சாமி வெளக்கு எதுவும் எரியக் கூடாது.

ரப்பர் ஸ்டாண்டு

என்.சி லாக்கர் அடிச்ச கிடாரை அதுல வெக்காதீங்க. ரப்பர் பட்ட எடம் பிசுபிசுன்னு உருகிரும்.

தம்பியோட பாடியை நேத்துதான் சொரண்டி முடிச்சோம், அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்போ மொட்டை மாடி ரூம்ல கொடிக் கம்பியில வெறும் மரமாத் தொங்குது, பக்கத்துலயே கையகல துண்டுப் பலகை, அதுல அக்ரிலிக் லாக்கர் செவப்பும் மேல மூணு கோட்டு க்ளியரும். இதுவரைக்கும் சுருக்கம் இல்ல. அவன் தெனமும் காலேஜ் முடிஞ்சு வந்து அதை மோந்து பாத்துட்டுப் போறான்.