எக்ஸ்கவேட்டர் பக்கெட்டைப் புதர் அகற்றும் கருவியாக மாற்றுதல்

சிங்கப்பூரின் லிம் சூ காங், சுங்கை காடுட், தெங்கா போன்ற வட்டாரங்களில் நெடுநாள் கவனிப்பாரின்றிக் கிடந்த நிலத்தைத் துப்புரவாக்க வேண்டியிருந்தால், மண் தோண்டும் பக்கெட் பூட்டிய 20 டன் எக்ஸ்கவேட்டரைத்தான் பெரும்பாலும் முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கெட் லாலாங் புல்லையும் சவுண்டல் கன்றுகளையும் பிடுங்கிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை வாரும்போதும் செடியைவிட மண்ணையே அதிகமாக அள்ளிக்கொண்டு வரும். ஈரக் களிமண் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன் கனக்கும் என்பதால், குப்பையோடு கலந்து லாரியில் ஏறும் மண்ணுக்கும் நாம் கூலி கொடுக்க நேர்கிறது. மேலும், மேல்மண் கிளறப்பட்ட இடத்தில் ஒரு மாலை மழை பெய்தாலே செந்நிறச் சேறு வடிகாலை நோக்கி ஓடத் தொடங்கும். ஆகவே பக்கெட்டில் நாம் செய்யும் மாற்றம் நல்லதா, இல்லையா என்பதற்கு ஓர் அளவுகோலே போதும்: அது செடியை எடுத்துக்கொண்டு மண்ணை எவ்வளவுக்கு நிலத்திலேயே விட்டுவிடுகிறது என்பதே அது.

எந்த மாற்றம் யாருக்கு

மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. முதலாவது, இருக்கும் பக்கெட்டின் முன்விளிம்பில் கழற்றக்கூடிய ரேக் ஒன்றை, அதாவது சீப்புபோல் பற்கள் வரிசையான வாரியை, பூட்டுவது. இரண்டாவது, அடித்தட்டு தேய்ந்துபோன பழைய பக்கெட்டில் நீள வெட்டுகள் போட்டு, மண் ஒழுகும் சல்லடைப் பக்கெட்டாக மாற்றுவது. மூன்றாவது, பக்கெட்டுக்கு எதிரே, அதைத் தாங்கும் கையான ஆர்மின் அடியில் தம்ப் எனப்படும் பிடிகரத்தைப் பொருத்துவது. பல ஹெக்டர் நிலம் என்றால் இவை எதுவும் சிக்கனமல்ல. அதற்கென்றே செய்யப்பட்ட ரேக்கை வாங்குவதோ வாடகைக்கு எடுப்பதோ மேல். சிறிய மனை, சாலையோரப் பட்டை, வடிகால் ஓரம் ஆகியவற்றுக்குக் கழற்றக்கூடிய ரேக்கே என் பரிந்துரை. காலையில் புதரை வாரிவிட்டு மதியம் அதே பக்கெட்டால் குழி தோண்ட வேண்டிய தளங்களே இங்கு அதிகம்.

கழற்றக்கூடிய ரேக்கை வடிவமைத்தல்

கனமான சதுரக் குழாய் உத்தரம் ஒன்றில் வளைந்த எஃகுப் பற்களை வரிசையாகப் பற்றவைத்து, அந்த உத்தரத்தைப் பக்கெட்டின் பற்களைப் பிடிக்கும் அடாப்டர்களில் ‘பின்’ (pin) எனப்படும் முளையால் மாட்டிப் பின்புறத்தைச் சங்கிலியால் இறுக்குவதே இதன் அமைப்பு. விசை எந்தத் திசையில் வருகிறது என்பதை முதலில் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இயந்திரத்தை நோக்கி இழுக்கும்போது, பற்களின் நுனியை வேர்கள் எதிர்ப்புறமாக, அதாவது பக்கெட்டின் வெளிப்புறத்தை நோக்கித் தள்ளுகின்றன. பல்லின் வால்பகுதி பக்கெட்டுக்குள்ளே இருந்தால் அது அடித்தட்டை விட்டு மேலே எழும்பும். அந்த விசை முழுவதையும் சங்கிலியே தாங்க வேண்டியிருக்கும். வால்பகுதி வெளியே, அடித்தட்டுக்குக் கீழே பின்னோக்கி நீண்டிருந்தால், இழுக்க இழுக்க அது தட்டின்மேல் நன்றாக அழுந்தும். சங்கிலிக்கு நழுவாமல் பிடித்துவைக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். பல ஒர்க்‌ஷாப்களில் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக உள்ளே பொருத்தும் வழக்கம் உண்டு. அதை ஏற்க வேண்டாம். வால் அழுந்தும் இடத்தில் அகலமான தாங்குதகடு ஒன்றை வைத்தால் அடித்தட்டு பள்ளம் விழாது.

பற்களின் இடைவெளியைத் தலைவாரும் சீப்பைப் போல் நெருக்கமாக வைத்தால் நன்றாக வாரும் என்று தோன்றும். இங்குள்ள களிமண்ணில் அது பொய்த்துப்போகும். மழைக்குப் பின் கட்டிகள் பற்களுக்கிடையே சிக்கி, ரேக் மறுபடியும் பக்கெட்டாகவே மாறிவிடும். கடலை நிரப்பி மீட்ட மணற்பாங்கான நிலத்தில் 150 மில்லிமீட்டர் போதும். புக்கிட் தீமா கருங்கல் சிதைந்து உருவான செம்மண்ணில் 200 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைப்பது நல்லது. 1.6 மீட்டர் அகலத்தில் 200 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வைத்தால் ஒன்பது பற்கள் வரும். 30 மில்லிமீட்டர் தடிமனும், சராசரி 150 மில்லிமீட்டர் அகலமும், ஒரு மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பல் ஏறக்குறைய 35 கிலோ எடையிருக்கும். ஒன்பது சேர்ந்தால் உத்தரத்தைக் கணக்கில் எடுக்காமலேயே 300 கிலோவைத் தாண்டிவிடும். எனவே ரேக்கைப் பூட்டும் பக்கெட் இயந்திரத்துக்கு ஏற்ற வரிசையில் சிறியதாக இருப்பது நிலைத்தன்மைக்கு நல்லது.

நீளமும் இலவசமாக வருவதில்லை. பக்கெட்டை ஆர்மோடு இணைக்கும் ‘பின்’னிலிருந்து பல் நுனி வரையிலான தூரம் 1,500 மில்லிமீட்டரிலிருந்து 1,900 ஆக உயர்ந்தால், நுனியில் கிடைக்கும் பெயர்க்கும் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். புதருக்கு இது பொருட்டல்ல. ஆனால் அகேசியா மரத்தின் அடிக்கட்டையைப் பெயர்க்க ரேக்கைப் பயன்படுத்தினால் பல் வளையும் அல்லது உத்தரம் முறுகும். அடிக்கட்டைக்கு ரேக்கைக் கழற்றிவிட்டு வழக்கமான பற்களோடு இறங்குவதே முறை.

பழைய பக்கெட்டை வெட்டுவோருக்கு ஒரே எச்சரிக்கை: வெட்டின் இரு முனைகளிலும் முதலில் வட்டத் துளை போட்டு, அவற்றுக்கிடையே வெட்டுங்கள். கூரிய மூலையில்தான் விரிசல் பிறக்கும். முன்விளிம்பையும் பக்கத் தகடுகளையும் தொடவே கூடாது.

தம்ப் பொருத்துவது சுருள் சுருளாகக் கிடக்கும் கொடிகளையும் கிளைகளையும் கவ்வி ஏற்றப் பெரிதும் உதவும். ஆனால் அதற்கான தாங்கியை ஆர்மின் அடியில் பற்றவைக்க வேண்டியிருப்பதால், உற்பத்தியாளரின் வழிகாட்டலும் தகுதியான பொறியாளரின் ஒப்புதலும் இல்லாமல் கைவைக்கக் கூடாது. வாடகை இயந்திரமாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியும் தேவை.

பற்றவைப்பும் சோதனையும்

பற்களுக்குத் தேய்மானம் தாங்கும் கடின எஃகுத் தகட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அதை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் கடினத்தன்மை போய்விடும், ஆகவே கேஸ் கொண்டு சூடாக்கி வளைக்காமல் வளைந்த வடிவிலேயே தகட்டை வெட்டி வாங்குவது சிறந்தது. ஹைட்ரஜன் குறைவான 7018 வகைப் பற்றவைப்புக் குச்சிகளைச் சூட்டுப்பெட்டியில் உலர்வாக வைத்துப் பயன்படுத்த வேண்டும். நமது ஈரப்பதத்தில் திறந்துவைத்த பொட்டலத்தை மறுநாள் எடுத்துப் பயன்படுத்தினால் சிலமணி நேரம் கழித்து விரிசல் தோன்றக்கூடும். வேலையைப் பக்கெட்டை இயந்திரத்திலிருந்து கழற்றி ஒர்க்‌ஷாப்பில் செய்யுங்கள். இயந்திரத்தில் இருக்கும்போதே பற்றவைத்தால் மின்னோட்டம் ‘பின்’, அதைச் சுற்றிய புஷ், தாங்கிகள் வழியாகப் பாய்ந்து மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் கெடுக்கக்கூடும்.

பூட்டியபின், என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பக்கெட்டை முழுவதும் சுருட்டி நீண்ட பற்கள் ஆர்மையோ, அதைத் தாங்கும் பூமையோ, சிறிய இயந்திரமாயின் ஆபரேட்டர் அறையையோ தொடுகின்றனவா என்று பாருங்கள். பக்கெட்டை விரைவாக மாற்ற உதவும் குவிக் கப்ளர் இருந்தால் அதன் பூட்டும் ‘பின்’ உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தி, பக்கெட்டைத் தரையில் அழுத்தி இழுத்துச் சோதியுங்கள். 20 டன் இயந்திரங்களில் பக்கெட் பின் பொதுவாக 80 மில்லிமீட்டர், 13 டன்னில் 65 மில்லிமீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஸ்லீவ் எனும் உறை போட்டு ஒப்பேற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. கிளைகள் கண்ணாடியைத் துளைக்காமலிருக்க முன்புறக் கம்பிக் காப்பும், ரேடியேட்டரைப் புல்பூக்கள் அடைக்காமலிருக்க நுண்வலையும் அவசியம்.

தளத்தில்

இயந்திரத்தை இறக்கும் முன் எழுத்து வேலைகள் சில முடிந்திருக்க வேண்டும். காலி நிலத்திலும் மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதலின்றி வெட்ட முடியாது. அத்தகைய மரங்களைச் சுற்றித் தடுப்பு போட்டுவிட்டே புதருக்கு வர வேண்டும். வடிகாலில் சேரும் நீரில் மிதக்கும் திண்மங்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. எனவே மண் தடுப்பு ஏற்பாடுகள் வாரும் வேலைக்கு முந்தியே நிற்க வேண்டும். ரேக் ஆழமாகத் தோண்டாது என்ற நம்பிக்கையில் நிலத்தடிக் கேபிள் சோதனையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. மின்கம்பியைச் சுற்றி வளர்ந்த வேரை இழுத்தால் கம்பியும் மேலே வரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய நிலங்களில் வேறொன்றும் புதைந்திருக்கலாம்: அப்பர் புக்கிட் தீமாவில் 2023 செப்டம்பரில் கட்டுமானத் தளமொன்றில் கிடைத்த 100 கிலோ போர்க்கால வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்ய, சுற்றுவட்டாரக் குடியிருப்பாளர்களையே வெளியேற்ற வேண்டியிருந்தது. துருப்பிடித்த உருளை எதுவும் தென்பட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு விலகிப் போலிஸை அழையுங்கள்.

மரங்களுக்கிடையே பின்னிக் கிடக்கும் கொடிகளை முதலில் பாராங் கத்தியாலோ சங்கிலி ரம்பத்தாலோ அறுக்க வேண்டும். இல்லாவிடில் கீழே ஒரு கொடியை இழுக்க, மேலே காய்ந்துபோன அல்பீசியா மரக்கிளை ஆபரேட்டர் அறையின் மீது விழும். ஆட்கள் அறுக்கும்போது எக்ஸ்கவேட்டர் நிற்க வேண்டும்; எக்ஸ்கவேட்டர் வாரும்போது சிக்னல்மேனைத் தவிர யாரும் அதன் எட்டுமிடத்துக்கு அருகே இருக்கக் கூடாது. உடும்போ மலைப்பாம்போ தென்பட்டால் அது விலகும்வரை காத்திருங்கள். வனவிலங்குச் சட்டம் அவற்றைத் துன்புறுத்துவதை அனுமதிப்பதில்லை.

வாரும் கலை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். வெளி ஓரத்திலிருந்து தொடங்கி இயந்திரத்தை நோக்கி இழுங்கள். புல்லுக்குப் பல் நுனி தரையை உரசினால் போதும்; கன்றுகளுக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை இறக்கலாம். இழுத்ததைச் சற்றே உயர்த்தி, பக்கெட்டைச் சிறுசிறு அசைவுகளால் குலுக்கி மண்ணை உதிரவிடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைச் சேமிக்க நினைப்பவர்தான் பின்னர் லாரிக் கூலியில் அதை இழக்கிறார். பூமைச் சுழற்றிப் பக்கவாட்டில் மரத்தை அடித்து முறிப்பது எக்காரணத்தாலும் கூடாது. பற்களும் ஆர்மும் அந்தத் திசைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நிலம் ஈரமாக இருக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் முடிந்தவரை ஒரே பாதையில் செல்லுங்கள். சங்கிலிச் சக்கரத் தடங்களில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்கு இடமாகும் என்பதால், வேலை முடிந்தவுடன் தடங்களை மூடிச் சமப்படுத்த வேண்டும்.

வாரிய குவியலைத் தளத்தில் எரிக்க முடியாது. திறந்தவெளியில் எரிப்பது இங்குத் தடைசெய்யப்பட்டது. மண் உதிர்ந்த தூய குவியலை மரக்கழிவு மறுசுழற்சி நிலையங்கள் ஏற்கும், சேறு ஒட்டியதைத் திருப்பி அனுப்பக்கூடும்.

ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் சங்கிலியின் இறுக்கத்தையும், பற்களின் அடிப்பகுதிப் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் உள்ளதா என்பதையும் கழுவிவிட்டுப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் அந்த ரேக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முறையாகச் சுரண்டிப் பற்றவைக்கும் வரை மீண்டும் பூட்டாதீர்கள். என்ஜின் அறைக்கடியிலும் எக்ஸாஸ்ட் அருகிலும் சேர்ந்த காய்ந்த சருகை, என்ஜினை நிறுத்தி ஆறவிட்டபின் அன்றன்றே அகற்றுங்கள்.