தண்ணி தீர்ந்தா முள்ளு ஏறாது: அம்பாசடருக்கு ஒரு சூடு பஸ்ஸர்

பழைய வண்டி வச்சிருக்க நிறைய பேரு டெம்பரேச்சர் முள்ளையே நம்பி ஓட்டுறாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன், கல்லாறு தாண்டி குன்னூர் ஏறும்போது கீழ் ஹோஸ் கிழிஞ்சு தண்ணி மொத்தமும் ரோட்ல போயிருக்கு, முள்ளு என்னடான்னா இறங்கிட்டே வருது, மலைக்காத்து நல்லா அடிக்குது போலன்னு நானும் இன்னும் ரெண்டு ஹேர்பின் ஏத்திட்டேன். இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல், அதாவது ஹெட் கேஸ்கட், காலி. மீட்டரோட சென்சார் தண்ணில முங்கி இருந்தாதான் சரியா காட்டும், தண்ணியே இல்லன்னா அது வெறும் காத்தைத்தான் அளக்குது. அதனால இன்ஜின் இரும்போட சூட்ட பாக்குற மாதிரி தனியா ஒண்ணு வைக்கணும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கே.எஸ்.டி 301னு கேளுங்க, பட்டன் சைஸ்ல ஒரு தெர்மோஸ்டாட் ஸ்விட்ச், ரொம்ப சீப்தான். 95 டிகிரி, நார்மலி ஓப்பன்னு (சூடானாதான் கனெக்ஷன் சேரும்) அழுத்திச் சொல்லுங்க, குளோஸ்டு குடுத்துட்டா சாவி போட்டதுமே கத்தும். கூட 12 வோல்ட் பஸ்ஸர், 1 ஆம்ப் ஃபியூஸ் ஹோல்டரோட, ஒரு புஷ் பட்டன், சூடு தாங்குற சிலிகான் வயர்.

மாட்டுறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிடுங்க. ஸ்விட்ச்ச பாலிதீன்ல சுத்தி கொதிக்கிற தண்ணில விட்டா கொஞ்ச நேரத்துல டிக்குனு சத்தம் வரும், மல்டிமீட்டர்ல பீப் அடிக்கும். இத ஊட்டில உக்காந்து பண்ணாதீங்க, அந்த உயரத்துல தண்ணி சுமார் 93 டிகிரிலயே கொதிச்சிடும், ஸ்விட்ச் போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவீங்க.

இப்ப மாட்டுற இடம், இதுலதான் எல்லாரும் சொதப்புவாங்க. ஹெட் நட்ட தொடவே தொடாதீங்க, ஒண்ண கழட்டினாலே கேஸ்கட்டுக்கு வேட்டு. ரேடியேட்டரோட மேல் ஹோஸ் வந்து சேர்ற தெர்மோஸ்டாட் ஹவுசிங் நட்டு போதும், அது ஹெட்டு மேலயே உக்காந்திருக்கு. 2 மி.மீ அலுமினியத் தகடு ஒண்ண சின்னதா வெட்டி, ஒரு ஓட்டைல நட்டு, பக்கத்துல ஸ்விட்ச்சு, நடுவுல ஹீட் சிங்க் பேஸ்ட். தகடு நீளமா இருந்தா ஃபேன் காத்துல ஆறிடும், லேட்டாத்தான் கத்தும்.

வயரிங் ஒண்ணும் கஷ்டமில்ல: சாவி போட்டா வர்ற லைன், ஃபியூஸ், பஸ்ஸர், ஸ்விட்ச், எர்த். ஸ்விட்ச்சுக்கு எந்தப் பக்கம் மாட்டினாலும் ஓகே, ஆனா பஸ்ஸருக்கு பிளஸ் மைனஸ் உண்டு, ரொம்பப் பழைய பிரிட்டிஷ் வண்டில பாசிட்டிவ் எர்த் இருக்கும், பேட்டரில எந்தப் பக்கம் பாடிக்குப் போகுதுன்னு பாத்துட்டு குடுங்க. வயரு எக்ஸாஸ்ட் பக்கமே போகக்கூடாது. புஷ் பட்டன ஸ்விட்ச்சுக்கு பேரலலா டேஷ்ல வைங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு அமுக்கு, பஸ்ஸர் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சிடும்.

மே மாச டிராஃபிக்ல சும்மா சும்மா கத்துச்சுன்னா முதல்ல ரேடியேட்டரயும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்க, ரெண்டும் சரின்னா 100 டிகிரி ஸ்விட்ச் மாத்துங்க. 7 பி.எஸ்.ஐ ரேடியேட்டர் கேப் நல்லா இருந்தா சமவெளில தண்ணி கிட்டத்தட்ட 110 வரைக்கும் கொதிக்காது, அதனால பயமில்ல.

கத்தினா ஓரங்கட்டி ஆஃப் பண்ணுங்க. கேப்ப அரை மணி நேரத்துக்கு தொடாதீங்க, சூட்டோட பச்சத்தண்ணி ஊத்தினா ஹெட்டு வெடிப்பு விட்டுடும்.