டியூப் லீக்கை வைத்து ‘ஃப்’ சொல்லித்தருவது எப்படி

வியாசர்பாடியில் எனக்குப் பஞ்சர் கடை. மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். “நைனா, பேன் போடு” என்று அவள் சொல்லும்போதெல்லாம் தலையில் பேன் பார்க்கிற மாதிரி நடித்துச் சிரிப்போம். பள்ளிக்கூடத்தில் ஃபோனிக்ஸ், அதாவது இங்கிலீஷ் எழுத்துகளின் ஒலியைக் கூட்டிப் படிக்கிற பாடம், ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுபோனது. ஃபேன், ஃபிஷ், ஃபோன் எல்லாமே அவளுக்குப் ‘ப’தான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ்ச் சொற்களில் அந்த ஒலி வராது. வீட்டில் நாங்களும் பேன் என்றுதான் பேசுவோம்.

முதலில் திருந்த வேண்டியது பெரியவர்கள். ‘எஃப்’ என்பது எழுத்தின் பெயர், ஒலி அல்ல. ‘ஃபு’ என்றும் சொல்லித்தராதீர்கள். அந்த ‘உ’ ஒட்டிக்கொண்டால், கூட்டிப் படிக்கும்போது ‘ஃபு-ஏ-ன்’ என்று இடிக்கும். வெறும் காற்று மட்டும் நீளமாக வர வேண்டும்.

அதைக் காட்டக் கடையிலேயே சாமான் இருந்தது. ஓட்டை டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். குமிழ் வந்த இடத்தை வெளியே எடுத்து அவள் காதருகே பிடித்தேன். “இன்னா சத்தம் வருது?” “ஸ்ஸ்...” என்றாள். தப்பில்லை, சின்ன ஓட்டை அப்படித்தான் கத்தும். “சரி, மேல் பல்லை கீழ் உதட்டுல மெதுவா வெச்சிக்கினு அதையே வுடு.” முதல் தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள். பல் பட்டால் போதும், அழுத்தக் கூடாது.

அப்படியும் வரவில்லை என்றால் ‘வா’ சொல்லச் சொல்லுங்கள். ‘வ’வுக்கும் பல் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். அதே இடத்தில் நிறுத்தி, குரலை அடக்கிக் காற்றை மட்டும் விட்டால் ‘ஃப்’. தொண்டையில் கை வைத்தால் ‘வ’வுக்கு அதிரும், ‘ஃப்’புக்கு அதிராது. என் மகளுக்கு இந்த வித்தைதான் பிடிபட்டது.

அப்புறம் தினத்தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து வாய்க்கு முன்னால் பிடியுங்கள். ‘ப’ சொன்னால் தாள் ஒருமுறை துள்ளி அடங்கும். ‘ஃப்’ சொன்னால் மூச்சு தீரும்வரை நடுங்கும். ஒன்று வெடிக்கிற டியூப், இன்னொன்று ஒழுகுகிற டியூப்.

சாயங்காலம் தெருவில் பந்து. எங்கள் ஏரியாவில் பிள்ளைகளுக்கு ஃபுட்பாலைச் சொல்லித்தரத் தேவையில்லை. நான் ஒரு வார்த்தை சொல்வேன். ‘ஃப்’பில் ஆரம்பித்தால் உதைக்க வேண்டும், ‘ப’வில் ஆரம்பித்தால் பந்தின் மேல் கால் வைத்து நிறுத்த வேண்டும். ஃபேன், பால், ஃபிஷ், பாட்டி, ஃபோன். (ஃபோனுக்கு ஸ்பெல்லிங் வேறாச்சே என்று என் மனைவி கேட்டாள். இது காதுக்கான ஆட்டம், எழுத்துக்கு அப்புறம் வரலாம்.) ஐந்து நிமிஷம் போதும். அவளுக்குச் சலிப்பதற்குள் நிறுத்திவிடுங்கள்.

மற்ற நேரத்தில் பேச்சை நிறுத்தித் திருத்த வேண்டாம். “பேன் போடு” என்றால், “ஃபேன் தானே, போடறேன்” என்று சொல்லிவிட்டு ஸ்விட்சைத் தட்டுங்கள்.

ஒலி வந்த வாரம் எல்லாவற்றிலும் அது ஏறிக்கொண்டது: ஃபாட்டி, ஃபப்பாளி, ஃபல்லி. பயப்படாதீர்கள், பந்து ஆட்டத்தில் ‘ப’ வார்த்தைகளைக் கூட்டினால் சரியாகிவிடும். என் மகளுக்கு ஒரு வார்த்தை மட்டும் மாறவில்லை. “ஃபஞ்சர்” என்கிறாள். திருத்தப் போனால், “காத்து ஒழுவுதில்ல நைனா?” என்கிறாள்.