ஊசியோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

டொராண்டோவில் ஜனவரிக் குளிர் சில நாள் மைனஸ் இருபதுக்குப் போகும். அதில் பஸ்ஸுக்கு நின்றபோதுகூட என் இன்சுலின் பேனா (மருந்து அடைத்த பேனா வடிவ ஊசி) உறைந்ததில்லை. கோட்டுக்கு உள்ளே, சட்டைப் பையில், உடம்புச் சூட்டிலேயே கிடக்கும். அது உறைந்தது மதுரைப் பக்கத்து மேலூரில், என் அத்தை வீட்டு ஃப்ரிட்ஜில்.

வந்து இறங்கிய அலுப்பில், "இதை ஃப்ரிட்ஜில் வைங்கத்தே" என்று டப்பாவை நீட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள்தான் சொன்னார்: "ஜில்லுனு இருக்கட்டும்னு மேல ஐஸ் பெட்டியில வச்சேம்ப்பா. காலையில பாத்தா கல்லாட்டம் இருந்துச்சு, கீழ எறக்கிட்டேன்." அதற்குள் நான் இரண்டு நாள் குத்தியாகிவிட்டது. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குத் தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கலாம். ஆனால் அதை நம்ப முடியாது, தூரப் போட வேண்டியதுதான்.

ஆகவே டப்பாவை யார் கையிலும் கொடுக்காதீர்கள், நீங்களே வையுங்கள். பிரிக்காத பேனாவுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பிரித்ததற்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும் (அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்). தை மாதத்து மதுரையில் பகல் வெயில் முப்பதைத் தொடும் என்பதால் நிழலான மூலை போதும். கரண்ட் போனால் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு வைக்கலாம். விமானத்திலும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கறையில் உறைந்துபோகலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். அன்று பொங்கல். என் சுகர் மீட்டர் 18.4 காட்டியது. நாக்கு வறண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம். பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். வாசலில் இருந்த பெண் "சுகர் எவ்வளவு சார்?" என்றார். "பதினெட்டு" என்றேன். அவர் முகம் மாறியது. என்னைப் பெஞ்சில் சாய்த்து, குளுக்கோஸைக் கரைத்து வாயருகே கொண்டுவந்துவிட்டார். நான் தலையை ஆட்டுகிறேன், அவர் "குடிங்க சார், மயங்கிருவீங்க" என்று அதட்டுகிறார். அத்தையும் அவர் கட்சி. ஊர்க் கணக்கில் பதினெட்டு என்றால் சுகர் ஆபத்தாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். கனடா மீட்டரின் கணக்கு வேறு. அதை 18ஆல் பெருக்கினால்தான் ஊர்க் கணக்கு. அதாவது 331. இதை நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். உங்கள் எண்ணை ஊர்க் கணக்கில் மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புங்கள்.

டாக்டர் வந்து சீட்டு எழுதினார். மேலூரில் கடைகள் அடைப்பு. அத்தை மகன் பைக்கில் மதுரைக்குப் போய், பெரியாஸ்பத்திரிப் பக்கம் ஒரு மெடிக்கலில் வாங்கினோம். பேனா இல்லை, பாட்டில்தான். இங்கே கவனம்: நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். என் பையில் இருந்த சிரிஞ்ச் 100 யூனிட்டுக்கானது. அதில் 20 வரை இழுத்திருந்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 40 யூனிட்டுக்கான சிவப்பு மூடி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள். கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் வாங்கி வரும் கடிதத்தில் பிராண்ட் பெயர் போதாது, மருந்தின் பெயரும் வேண்டும்.

இன்னொன்று. குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து ஏறிய டோஸ், மதுரை வெயிலில் நடக்கும்போது அதிகமாகிவிடும். சூட்டில் இன்சுலின் சீக்கிரம் உடம்பில் சேரும். கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு விடிகாலையில் போங்கள். மத்தியானக் கல் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும்.

ஜிகர்தண்டாவை மறுத்துவிடலாம். பருத்திப்பாலை மறுப்பது கஷ்டம், "கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது" என்பார்கள். செய்யும்.

அத்தைக்கும் பதினைந்து வருஷமாகச் சுகர். அவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று நான் கேட்டது கிளம்பும் அன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபில் பார்ப்பாராம். என் மீட்டரைக் கொடுக்கலாமென்றால் அதன் எண் அவருக்குப் புரியாது. ஊர் மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஸ்ட்ரிப் விலையைக் கேட்டவர், "நீ அடுத்து வரையில குத்திப் பாப்போம்" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.