ரகசியம் காப்பதைப் பற்றி முதல் அமர்விலேயே பேசுவது எப்படி

"யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" மனநல ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் உட்கார்ந்ததும் கேட்பது இதைத்தான். நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், ஒரு கல்லூரி மாணவி அப்படிக் கேட்டாள். "சத்தியமாகச் சொல்ல மாட்டேன்" என்றேன். அரைமணி நேரத்தில், உயிரை விடுவதற்கு நாள் குறித்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அவளுடைய அக்காவை அழைக்க வேண்டியதாயிற்று. அவள் பத்திரமாக இருந்தாள், ஆனால் என்னிடம் திரும்ப வரவில்லை. அக்காவை அழைத்தது சரிதான். காப்பாற்ற முடியாத சத்தியத்தைச் செய்ததுதான் தவறு.

அதனால் இப்போது, வந்தவர் கதையைத் தொடங்கும் முன்பே இதைப் பேசிவிடுகிறேன். கையெழுத்து வாங்கும் படிவத்தில் எல்லாம் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மனம் கலங்கி வருபவர் படிவத்தைப் படிப்பதில்லை. வாயால் சொல்லுங்கள். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நீங்கள் பேசுவது இந்த அறையோடு இருக்கும். ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், வேறு ஒருவருக்கு நீங்கள் தீங்கு செய்துவிடுவீர்கள் என்று தெரிந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், அல்லது நீதிமன்றம் உத்தரவிட்டால், நான் இன்னொருவரிடம் பேச வேண்டிவரும். முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன்." அப்புறம், "நான் சொன்னதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். வெறும் தலையாட்டலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வையாளரிடம் பெயர் சொல்லாமல் கலந்து பேசுவீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

வேறு ஒருவருக்குத் தீங்கு என்ற இரண்டாவது விதிவிலக்குக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 1969இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாணவர், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். அவர்கள் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் சொல்லவில்லை. அவள் கொல்லப்பட்டாள். தாராசாஃப் வழக்கு என்று அறியப்படும் அதில், ஆபத்தில் இருப்பவரைப் பாதுகாக்க நியாயமான முயற்சி எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று 1976இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் வேலை செய்யும் இடத்தின் சட்டத்தை, முதல் ஆளைப் பார்க்கும் முன்பே படித்துவிடுங்கள்.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எப்போது, எப்படி என்று திட்டம் இருக்கிறதா, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அவரைத் தனியே விட முடியாத நிலை என்றால், "யாரை அழைக்கலாம்?" என்று அவரையே கேட்டு, அவர் பக்கத்தில் இருக்கும்போதே அழையுங்கள். ஆபத்தைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். காதல், கடன், வீட்டுச் சண்டை என்று அவர் சொன்ன மற்றதெல்லாம் அப்போதும் ரகசியம்தான். யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள் என்பதை அன்றே குறிப்பில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. ஆலோசனைக்கு வருபவர் வெளியில் எதிர்ப்பட்டால் நீங்கள் முதலில் வணக்கம் சொல்லாதீர்கள். கூட இருப்பவர் "யார் இவர்?" என்று கேட்டால் அவர் தவித்துப்போவார். அவராகப் பேசினால் பேசுங்கள். இதையும் முதல் நாளே சொல்லி வைத்தால், பார்த்தும் பாராமல் போனதாக வருத்தப்பட மாட்டார்.