மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்பின் ஓராண்டு வேலை: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3ஆம் திகதி மண்டபம் எடுத்து, அதிகாரிகளை அழைத்து, சில சக்கர நாற்காலிகளைக் கையளித்து விழா நடத்துவது நம் அமைப்புகளுக்குப் பழகிப்போன வேலை. அந்த நாளைக் கொண்டாட வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. ஆனால் பிரதேச சபையின் அடுத்த ஆண்டுப் பாதீடு அதே காலப்பகுதியில்தான் முடிவாகிறது. ஆகவே, அந்த மேடையில் நின்று பொதுச் சந்தைக்குச் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் கேட்கும்போது, அதற்குரிய பணம் வேறு வேலைகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். உரிமைக்காக இயங்கும் அமைப்பு தன் ஆண்டை அலுவலகங்களின் காலக்கணக்கையும் மழையின் காலக்கணக்கையும் பார்த்தே வகுக்க வேண்டும்.

ஆண்டின் முதல் மூன்று மாதங்களை உறுப்பினர் பதிவேட்டுக்குக் கொடுங்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 சதவீதத்தினர் ஏதோவொரு இயலாமையுடன் வாழ்கின்றனர். ஆயிரம் பேர் வாழும் கிராமத்தில் இருபது பெயர்களே பதிவாகியிருந்தால், பதிவேடு நிறைவு பெறவில்லை என்றே கொள்ள வேண்டும். விடுபட்டவர்கள் பெரும்பாலும் வீட்டை விட்டு வெளியே வராத பெண்களும், அறிவுசார் குறைபாடோ உளநோயோ உள்ளவர்களும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் உட்கிராமத்தவர்களுமே. கிராம உத்தியோகத்தரிடமும் குடும்பநல மாதுவிடமும் விசாரித்து வீடு வீடாகச் செல்லுங்கள். "உங்கள் வீட்டில் ஊனமுற்றவர் உண்டா?" என்று கேட்டால் பல குடும்பங்கள் இல்லை என்றே சொல்லும். பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன் வேலைகளைத் தானே செய்தல், பிறருடன் பேசிப் புரிந்துகொள்ளல் ஆகிய ஆறிலும் சிரமம் இருக்கிறதா என்று தனித்தனியே கேட்டால் உண்மை வெளிவரும். இப்பதிவேட்டை எந்தக் கட்சிக்காரரிடமும் கொடுக்காதீர்கள்.

கூட்டம் வைக்கும் இடத்திலும் நேரத்திலும் மிகுந்த கவனம் தேவை. எல்லாக் கூட்டங்களும் மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ நடந்தால், வவுணதீவிலிருந்தும் வெல்லாவெளியிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் ஊன்றுகோலுடன் வரவேண்டியவர் நாளடைவில் வராமலே போய்விடுவார். ஜும்ஆத் தொழுகை நேரமான வெள்ளி நண்பகலில் கூட்டம் வைத்தால் காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று உறுப்பினர்களை நாமே விலக்கியவர்களாவோம். போரிலும் 2004 சுனாமியிலும் இம்மண்ணின் எல்லாச் சமூகத்தவரும் இழந்திருக்கிறார்கள். நிருவாகக் குழுவிலும் அனைவரும் இருக்க வேண்டும். செவிப்புலனற்றோர் வரும் கூட்டத்துக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரின் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை கட்டடங்களை அளந்து பார்க்கும் காலம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணமாகக் காட்டி வேலைவாய்ப்பிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்றும், பொது இடங்களுக்குள் செல்வதைத் தடுக்கக்கூடாது என்றும் கூறுகிறது. பொதுக் கட்டடங்களின் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. புதிய பொதுக் கட்டடங்களில் அவ்வசதிகள் இருக்க வேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. எனினும், பெயருக்குக் கட்டிய செங்குத்தான சாய்தளங்களை நாம் இன்றும் காண்கிறோம். ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஆகவே அளவு நாடாவுடன் செல்லுங்கள். அளப்பவர்களுள் சக்கர நாற்காலி பாவிப்பவர் ஒருவரும் வெள்ளைப்பிரம்பு பாவிப்பவர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். வாசலோடு நின்றுவிடாமல் கழிவறைக் கதவின் அகலத்தையும், கைபிடிக் கம்பியையும், கரும பீடத்தின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாடியில் இருக்கும் பிரிவுக்கு ஏற முடியாதவரின் அலுவலைக் கீழே வந்து முடித்துக்கொடுக்க ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

கண்டவற்றை வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். ஒரு குறைக்கு ஒரு கடிதம் என்ற ஒழுங்கில் எழுதி, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்குங்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிருவாக மொழி என்பதால், தமிழிலேயே எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை நமக்கு உண்டு. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். "ஏன் சாய்தளம் கட்டவில்லை?" என்று கேட்பதைவிட, "இக்கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் பிரதியைத் தரவும்" என்று ஆவணத்தைக் கேட்பதே பயன் தரும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்கலாம்; அதை எழுத்தில் பதிவது தகவல் அதிகாரியின் கடமை. முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன் பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

அரச அலுவலகமொன்று ஒருவரின் அடிப்படை உரிமையை மீறியிருந்தால் காலத்தை வீணாக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தை நாட ஒரு மாத அவகாசமே உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அக்கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ளன.

ஜூலையிலிருந்து பாதீட்டு வேலை. அளந்த குறைகளுள் மூன்றையோ நான்கையோ தேர்ந்து, தொழினுட்ப உத்தியோகத்தரிடம் செலவு மதிப்பீடு பெற்று, பிரதேச சபைத் தவிசாளரிடமும் எல்லாக் கட்சி உறுப்பினர்களிடமும் செப்டெம்பருக்குள் கொடுங்கள். நீண்ட பட்டியலைப் பார்த்துத் தலையசைப்பார்கள். தொகை எழுதிய ஒற்றைப் பக்கத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கும்படி பிரதேச செயலாளரிடமும் எழுத்தில் கேளுங்கள். முதலாம் வகுப்பு அனுமதி விண்ணப்பங்கள் கோரப்படும்போது, சேர்க்க மறுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருடன் வலயக் கல்வி அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பரீட்சைக்கு மேலதிக நேரமோ எழுத்து உதவியாளரோ தேவைப்படும் மாணவருக்கு, விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்க வேண்டும்.

வடகீழ்ப் பருவமழைக்கு முன், ஒக்டோபர் பிறப்பதற்குள், பதிவேட்டை மீண்டும் திறவுங்கள். வெள்ளம் வந்தால் தானாக வெளியேற முடியாதவர் யார், ஒலிபெருக்கி அறிவித்தல் கேளாதவர் யார், நாள்தோறும் வலிப்பு மருந்தோ சிறுநீர்க் குழாயோ தேவைப்படுபவர் யார் என்று பிரித்து, ஒவ்வொருவருக்கும் அயலில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு உரியவரின் சம்மதத்துடன் அந்த விபரத்தைக் கொடுக்கலாம். இடைத்தங்கல் முகாமாகும் பாடசாலையில் சக்கர நாற்காலி நுழையும் கழிவறை ஒன்றாவது உண்டா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

இத்தனையும் நடந்தபின் டிசம்பர் 3 வரட்டும். அந்த மேடையில், ஆண்டு முழுவதும் கொடுத்த கடிதங்கள் எத்தனை, பதில் வந்தவை எவை, வராதவை எந்த அலுவலகத்தில் கிடக்கின்றன என்பதை, அதிகாரிகள் அமர்ந்திருக்கும்போதே மாற்றுத்திறனாளி உறுப்பினர் ஒருவர் வாசிக்கட்டும். பதில் வராத கடிதங்களின் பிரதிகளை உரிய அதிகாரியிடம் அங்கேயே கையளித்து மீண்டும் கையொப்பம் வாங்குங்கள்.