பிஞ்சு வெம்பி உதிர்கிறதா? கையால் தடவிப் பாருங்கள்

மாடித்தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் எப்படியோ வந்துவிடும். பூசணி, பீர்க்கன், சுரை மூன்றும்தான் படுத்தும். கொடி தளதளவென்று ஓடும், பூவும் நிறைய வரும், பிஞ்சு மட்டும் மஞ்சளாகி விழும். உடனே உரம் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருக்கும். பெரும்பாலும் குறை மகரந்தச் சேர்க்கையில். உயரமான மாடிக்குத் தேனீ அவ்வளவாக வருவதில்லை.

முதலில் வருபவை ஆண் பூக்கள். அவை உதிர்வது இயல்பு. அடியில் குட்டிக் காய் ஒட்டியிருந்தால் அது பெண் பூ. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குத் தாங்கும்.

நேரம்தான் முக்கியம். பூசணி விடியற்காலையில் மலரும். வெயில் ஏறுவதற்குள் தடவிவிட வேண்டும். பீர்க்கனும் சுரையும் மாலையில் மலர்பவை. இது தெரியாமல் காலையில் பீர்க்கனோடு மல்லுக்கட்டுபவர்கள்தான் அதிகம்!

தடவியும் பிஞ்சு அழுகினால் வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. அந்தப் பிஞ்சுகளை உரத்தொட்டியில் போடாமல் அழித்துவிட்டு, காய்கறிப் பழ ஈக்கான இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் ஈக்களை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் பொறி) ஒன்றைப் பந்தல் அருகே தொங்கவிடுங்கள்.